காலி இலை யார் கணக்கில்? பொது எந்திரத்தின் வரிசை குறித்துச் சில குறிப்புகள்

மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாற்காலியும் நிறைந்திருக்கிறது. வாசலில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம், உட்கார்ந்தால் ஒரே மேசையில் சேர்ந்துதான் உட்காருவது என்று நிற்கிறது. உள்ளே ஒருவர் கை கழுவ எழுந்திருக்கிறார். ஒரு நாற்காலி காலி. தனியாக வந்த ஒரு ஆள் போய் உட்கார்ந்துவிடுகிறார். இன்னொருவர் எழுந்திருக்கிறார், இன்னொரு தனி ஆள் உட்காருகிறார். யாரும் யாரையும் தள்ளவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை. ஒரு இலைகூட ஒரு நிமிஷம் சும்மா கிடக்கவில்லை என்று மெஸ்காரர் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த எட்டுப் பேர் கடை மூடுகிற வரைக்கும் வாசலில்தான்.

கல்யாணப் பந்தியில் இப்படி நடப்பதில்லை. அங்கே சீக்கிரம் சாப்பிட்டு முடித்தவர் இலையை மூடிவிட்டு, பக்கத்து ஆள் பாயசம் முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் சேர்ந்து எழுந்திருக்கிறார்கள். வரிசை மொத்தமும் காலியாகிறது. அடுத்த பந்தி உட்காருகிறது. குடும்பத்துக்கு இடம் கிடைத்துவிடும். அதற்கு விலை, மூடிய இலைகளுக்கு முன்னால் சும்மா போன நேரம். (முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார், பந்திக்கே கூப்பிடப்படாதவர் யார் என்கிற கேள்வி வேறு. அதுவும் பின்னால் வரும்.)

நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி அல்ல. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பல பேருக்குப் பொதுவாக ஒரு கணினித் தொகுதி இருக்கும், கிளஸ்டர் என்பார்கள். பத்தோ, ஆயிரமோ கணினிகளைச் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. ஒரு நோடுக்குள் எட்டு, பதினாறு, அதற்கு மேலும் கணக்குப் போடும் 'கோர்'கள். இவைதான் இருக்கைகள். ஒரு கோர் போதும் என்கிற வேலைகளும் உண்டு, ஒரே நோடில் எட்டு கோர் சேர்ந்து கிடைத்தால்தான் ஓடுவேன் என்கிற வேலைகளும் உண்டு. யார் எப்போது உட்கார்வது என்பதை ஷெட்யூலர் என்றொரு நிரல் தீர்மானிக்கிறது. மனிதத் தலையீடு இல்லாத, 'நடுநிலை'யான தீர்ப்பு என்று இது அறியப்படுகிறது. நடுநிலை என்ற சொல்லைக் கேட்டால் கொஞ்சம் நின்று பார்ப்பது நம் பழக்கம் இல்லையா?

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நான் அந்த வரிசையில் ஒரு குற்றவாளியாக நின்றவன். பழைய சிறுபத்திரிகைகள் எழுநூறு இதழ்கள் போல நண்பர்களிடம் வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அச்சு எழுத்தைப் படித்து உரையாக மாற்றும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளை அவற்றின் மீது ஓட்ட வேண்டும். உடைந்த ஈய எழுத்து, மங்கிய மை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் நாலைந்து விதமாகச் சுத்தம் செய்து படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆய்வு நிறுவனம் ஒன்றில் இருக்கும் என் பள்ளித் தோழன், "எங்க கிளஸ்டர்ல போட்டுடலாம்டா, ராத்திரியில சும்மாதான் கெடக்கு" என்றான். தன் பொறுப்பில் நிர்வாகியிடம் அனுமதி வாங்கினான். ஒரு இதழுக்கு நாலு துண்டு, ஆக 2,800 வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர், மூன்று மணி நேரம். அங்கே இருந்ததோ ஆறு நோடு, நோடுக்குப் பதினாறு, மொத்தம் 96 கோர். பெருக்கி வகுத்துப் பார்த்தால் மூன்றரை நாள். நாங்கள் பெருக்கிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தோழனின் துறையில் புரதங்களைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு பெண் என்னைப் போனில் கூப்பிட்டார். அவருடைய வேலைக்கு மூன்று நோடு முழுசாக, 48 கோர் ஒரே நேரத்தில் வேண்டும். "சார், ஒங்க பழைய பத்திரிகைங்கதான் என் புரதத்த மறிச்சுக்கிட்டு நிக்குதாம்" என்றார். கோபமாக இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. இத்தனைக்கும் என் பக்கங்கள் அவரை முந்தியது எந்தத் திருட்டு வழியிலும் அல்ல. தோழன் பல மாதமாகக் கிளஸ்டரைத் தொடவில்லை, அவரோ முந்தின வாரம் நிறைய ஓட்டியிருந்தார். ஆகவே ஷெட்யூலரின் 'நியாயப் பங்கு'க் கணக்குப்படி எங்களுக்குத்தான் முன்னுரிமை. நியாயம் என் பக்கம் இருந்தது! அந்த நியாயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் கிடைத்தவையே இந்தக் குறிப்புகள்.

1950களில் கணினி என்பது ஒரு அறை. கால் மணி, அரை மணி என்று முன்பதிவு செய்துகொண்டு ஆள் உள்ளே போவான். அவன் யோசிக்கிற நேரமெல்லாம் எந்திரம் சும்மா நிற்கும். வாடகையோ எக்கச்சக்கம். 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் சேர்ந்து ஐபிஎம் 704 எந்திரத்துக்கு ஒரு மேற்பார்வை நிரலை எழுதின. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தானே எடுத்து ஓட்டும். ஆள் அறைக்கு வெளியே தள்ளப்பட்டான். துளையிட்ட அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் இன்னொரு நாள் போச்சு. எந்திரத்தின் காத்திருப்பு ஒழிந்தது என்று இதைச் சொல்கிறார்கள். ஒழியவில்லை, மனிதனின் கணக்குக்கு மாற்றப்பட்டது. ஆளின் ஒரு நாள் எந்தப் பேரேட்டிலும் ஏறாது என்பதால் அது விரயமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதைத் திருப்பிப் போட்டது காலப்பகிர்வு. 1959இன் தொடக்கத்தில் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி இதற்காக ஒரு குறிப்பு எழுதினார். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை ஓட்டிக் காட்டியது. ஒரே எந்திரம் பலருக்கும் துளித்துளியாக நேரம் கொடுத்து மாறிமாறிக் கவனிக்கும். மாறுகிற ஒவ்வொரு தடவையும் எந்திரத்துக்குக் கொஞ்சம் நஷ்டம். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம், மனிதன் காத்திருப்பதுதான் பெரிய நஷ்டம் என்பதே இதன் பின்னாலிருந்த மதிப்பீடு. இந்த அமைப்புக்கென 1962இல் கோர்பாட்டோவும் சகாக்களும் எழுதிய வழிமுறைதான் பல அடுக்கு வரிசை. சின்ன வேலைக்கு மேல் அடுக்கு, உடனே கவனிப்பு. நீண்ட வேலை கீழே கீழே இறங்கும். எப்போதாவது கிடைக்கும், கிடைக்கும்போது பெரிய துண்டாகக் கிடைக்கும். முறைக்கு என்னவோ நியாயம்தான். ஆனால் மேலே சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால்?

அதற்குப் பாடப்புத்தகங்களில் ஒரு வதந்தி சொல்வார்கள். எம்ஐடியின் ஐபிஎம் 7094 எந்திரத்தை 1973இல் மூடியபோது, 1967இல் கொடுக்கப்பட்டு இன்னும் ஓடாத ஒரு வேலை அடி வரிசையில் கிடந்ததாம். வதந்தி என்றே சொல்லித்தான் தருகிறார்கள். ஒரு துறை தன் மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு வதந்தியைச் சொல்லித் தருகிறது என்றால் அது வெறும் வதந்தி அல்ல, அத்துறையின் மனசாட்சியில் உறுத்துகிற ஏதோ ஒன்று. இந்த நிலைக்கு அவர்கள் வைத்த கலைச்சொல் 'பட்டினி'. விதிகள் எல்லாம் சரியாக நடக்கிற இடத்தில், யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் உண்டாகிற பட்டினி.

அடுத்து சிட்னி. ஜூடி கே, பியர்ஸ் லாடர் என்ற இருவர் சிட்னி பல்கலைக்கழகத்திலிருந்து 1988இல் வெளியிட்ட 'நியாயப் பங்கு ஷெட்யூலர்' கட்டுரையை, கணினி தெரியாத நம்மைப் போன்றவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பேன். மாணவர்கள் பலர் பகிர்ந்துகொண்ட யூனிக்ஸ் எந்திரம். ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் அது சம நேரம் கொடுத்தது. சமத்துவம்தான், அதில் குறையில்லை. ஆனால் ஒருத்தன் பத்து நிரலை ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒன்றை ஓட்டுகிறவனைப் போல் பத்து மடங்கு வாங்கிக்கொள்வான். கே-யும் லாடரும் செய்தது சமத்துவத்தின் அலகை மாற்றியதுதான். நிரல்களுக்கிடையே சமம் அல்ல, ஆட்களுக்கிடையே பங்கு. ஆட்களுக்கு மேலே குழுக்கள், குழுக்களுக்கு இவ்வளவு பங்கு என்று ஒரு மரம். எதற்கும் எதற்கும் இடையில் சமம் என்று கேட்காமல் 'சமத்துவம்' என்று மட்டும் பேசுவது எப்படி இருப்பவனுக்கே சாதகமாக முடியும் என்பதை நாம் வேறு களங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அவர்கள் அதை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்.

இந்தக் கணக்கில் வரலாறும் உண்டு. ஒருவர் இதுவரை எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பது அவருடைய அடுத்த முறையைத் தாழ்த்தும். ஆனால் பழசு மெல்ல மங்கும். இன்று பெரும் கணினித் தொகுதிகள் பலவற்றில் ஓடும் ஸ்லர்ம் என்ற ஷெட்யூலர் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது. அதன் இந்தக் கணக்கில், யாரும் மாற்றாவிட்டால், கடந்தகாலத்தின் அரை ஆயுள் ஏழு நாள். போன வாரம் எடுத்தது பாதியாகத்தான் எண்ணப்படும், அதற்கு முந்தின வாரத்தது கால்பங்கு. ஒரு மாதம் ஆனால் நூற்றுக்கு ஐந்து. வரலாறு எவ்வளவு நாளில் பாதியாக வேண்டும் என்பதை ஒரு நிர்வாகி அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைக்கிறார்! 'எத்தனை காலத்துக்குத்தான் பழசையே பேசுவீர்கள்' என்று நம்மைக் கேட்கிறவர்களுக்கு இப்படி ஒரு கோப்பு கிடைத்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். புரத ஆய்வாளரை நான் முந்தியது இந்த வரியால்தான். அவருடைய போன வாரம் இன்னும் மங்கவில்லை, தோழனின் பழைய வருஷங்களோ சுத்தமாக அழிந்துவிட்டிருந்தன. மறதி என்றைக்கும் கணக்கில் அதிகம் எடுத்தவனுக்கு உதவி.

இப்போது எட்டுப் பேர் குடும்பத்துக்கு வருவோம். 1994இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் கடையில் கிடைக்கும் சாதாரண கணினிகள் பதினாறைக் கம்பியால் இணைத்து பெவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். பெருங்கணினி என்பது பெரிய நிறுவனத்திடம் மட்டுமே வாங்குகிற பொருள் என்ற நிலை அதோடு தளர்ந்தது. பல கணக்கிகள் சேர்ந்து ஒரு வேலை செய்கிற இடத்தில்தான் சேர்ந்து உட்காரும் சிக்கல் கடுமையாகிறது. அதற்கு 1995இல் ஆர்கான் ஆய்வகத்தில், 128 நோடு கொண்ட ஐபிஎம் எஸ்பி எந்திரத்தின் மீது டேவிட் லிஃப்கா ஒரு வழி செய்தார். ஈஸி என்று பெயர். வரிசையின் தலையில் நிற்கும் பெரிய வேலைக்கு, இத்தனை மணிக்கு இடம் கிடைக்கும் என்று கணித்து ஒதுக்கி வைப்பது. அதுவரை காலியாக இருக்கும் இடங்களில் பின்னால் நிற்கும் சின்ன வேலைகளை உட்கார வைப்பது. ஒரே நிபந்தனை: ஒதுக்கீடு பெற்றவரை இவர்களால் ஒரு நிமிஷமும் தாமதப்படுத்தக் கூடாது. இந்த இடைநிரப்பல் நடக்க, ஒவ்வொருவரும் தன் வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் வேலை கொல்லப்படும். விளைவு? எல்லோரும் கூட்டிச் சொன்னார்கள். ஒரு மணி வேலைக்கு நாலு மணி. ஜெருசலேமைச் சேர்ந்த ட்ரோர் ஃபைட்டெல்சனும் ஆஹுவா மு'அலமும் 2001இல் இந்தப் பொய்களை ஆராய்ந்தபோது, மதிப்பீடு தப்பாக இருப்பதால் மொத்தச் செயல்பாடு கெடவில்லை, சில நேரம் மேம்படவும் செய்கிறது என்ற வினோதம் தெரிந்தது. தண்டனைக்குப் பயந்த பிரஜைகளின் பொய்யை உள்வாங்கிக்கொண்டே அமைப்பு நன்றாக ஓடுகிறது. ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் யாராவது இதை எடுத்துக்கொண்டு எழுதலாம்.

ஒதுக்கி வைப்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் சொல் 'ரிசர்வேஷன்'. நண்பர்கள் அவசரமாக உற்சாகப்பட வேண்டாம். நானும் முதலில் உற்சாகப்பட்டேன். ஒதுக்கீடு இல்லாமல் போட்டியை அப்படியே விட்டால் சிலருக்கு எப்போதும் இடம் கிடைக்காது என்பதை எந்திரமே நிரூபிக்கிறது பாருங்கள் என்று எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பொருந்தவில்லை. இங்கே ஒதுக்கீடு கேட்கிற பெரிய வேலை பெரும்பாலும் பெரிய குழுவுடையது, நிறையப் பணம் உள்ளது. இடைவெளியில் நுழைகிற ஒற்றை கோர் வேலைகள்தான் மாணவர்களுடையவை. முதல் பந்திக்காரர்களுக்காகக் காலி இலை காத்திருப்பதும் ஒதுக்கீடுதான்! ஆக, ஒதுக்கீடு என்ற வடிவத்தில் எந்தப் புனிதமும் இல்லை. யாருக்கு, எந்த வரலாற்றின் பேரில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஈஸியின் அந்த நிபந்தனை. நம் அரசு அலுவலகங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் நிரப்பப்படாமல் பின்னடைவுப் பணியிடங்களாகச் சேர்ந்து கிடப்பதும், நடுவில் தற்காலிகமாக வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்காததும் நமக்குப் பழகிய கதை. இடைவெளியில் உட்காருகிறவன் சொன்ன நேரத்தில் எழுந்தே ஆக வேண்டும் என்று ஒரு நிரல் எழுத முடிந்திருக்கிறது.

எட்டு என்ற எண் வெறும் உதாரணம் அல்ல. ஜெனீவாவில் உள்ள செர்ன் நிறுவனத்தின் பெரும் மோதல் எந்திரத்தின் தரவு, நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் கணினித் தொகுதிகளில் பகிர்ந்து கணக்கிடப்படுகிறது. மும்பையின் டாடா ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் இதில் அடக்கம். 2013 தொடக்கத்தில் முடிந்த முதல் ஓட்டம் வரை பெரும்பாலும் ஒரு வேலைக்கு ஒரு கோர்தான். துகள் மோதல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. தனித்தனி ஆளாகச் சாப்பிட்டுப் போகலாம். ஆனால் ஒவ்வொரு வேலையும் கருவியின் வரைபடம் முழுவதையும் தன் நினைவகத்தில் தனியே வைத்திருந்தது. கோர்கள் பெருகிய வேகத்தில் நினைவகம் மலிவாகவில்லை. ஒரு கோருக்கு இரண்டு ஜிபி என்பது வாடிக்கை. 2015இல் இரண்டாம் ஓட்டம் தொடங்கும்போது அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரு பெரும் சோதனைக் குழுக்களும் எட்டு கோர் வேலைகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. எட்டுப் பேருக்கு ஒரே வரைபடம்.

சோதனைக் குழுக்களுக்கு லாபம். கிளஸ்டர் நடத்துகிறவர்களுக்கு? வேதியியலார், உயிரியலார், ஒற்றை கோர் மாணவர்கள் என எல்லோரும் உட்கார்ந்திருக்கும் பொது மெஸ் அது. எட்டு கோர் சேர்ந்து கிடைக்க ஒரு நோடை 'வடிய' விட வேண்டும். அதாவது முடிகிற வேலைகளின் இடத்தில் புதிதாக எதையும் உட்கார வைக்காமல் கடைசி ஆள் எழுந்திருக்கிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். எட்டு கோர் நோடு ஒன்றில் வேலைகள் மூன்று மணிக்கு ஒன்றாக முடிகின்றன என்று வையுங்கள். எட்டாவது வேலை முடிய 24 மணி நேரம். முதலில் காலியான கோர் 21 மணி நேரம் சும்மா, அடுத்தது 18, அப்படியே கூட்டினால் 84 கோர்-மணி. மொத்தம் 192இல் 84. ஒரு குடும்பத்தை உட்கார வைக்க இவ்வளவு மூடிய இலை.

எனவே வடிய விடுவதை அளவோடு செய்யவும், ஒருமுறை சேர்த்த எட்டைச் சிதற விடாமல் அடுத்த எட்டுக்கே கொடுக்கவும் வழி தேடினார்கள். ஆம்ஸ்டர்டாமின் நிக்ஹெஃப் நிலையத்தில் எம்சிஃப்ளோட் என்று ஒரு சின்ன நிரல் எழுதி, வரத்துக்கு ஏற்ப நோடுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிதக்க விட்டார்கள். விஸ்கான்சினில் பிறந்த காண்டர் மென்பொருள் 1988இல் சும்மா கிடக்கும் மேசைக் கணினிகளை வேட்டையாடுவதற்கென்றே எழுதப்பட்டது. சொந்தக்காரர் விசைப்பலகையைத் தொட்டதும் விருந்தாளி வேலை இடத்தைக் காலி செய்துவிடும். காலி இடத்தைப் பொறுக்காமல் பிறந்த அதே மென்பொருளுக்குள், வேண்டுமென்றே காலியை உண்டாக்கும் ஒரு பகுதியைப் பின்னாளில் சேர்க்க வேண்டியிருந்தது.

இதில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. எட்டு கோர் வாங்கிய வேலைக்குள் எட்டும் எப்போதும் உழைப்பதில்லை. தொடக்கத்தில் தரவை எடுக்கும்போதும் கடைசியில் முடிவுகளைச் சேர்க்கும்போதும் ஒரு கோர்தான் ஓடும், ஏழு வேடிக்கை பார்க்கும். இந்தத் தனி ஆள் பகுதிதான் எல்லை வகுக்கும் என்று ஜீன் ஆம்டால் 1967இலேயே வாதிட்டிருக்கிறார். ஆனால் கிளஸ்டரின் பேரேட்டில் எட்டும் நிறைந்ததாகவே பதிவாகும். சிஎம்எஸ் குழு எட்டு கோர் உறையை மொத்தமாக வாங்கி, அதற்குள் தானே ஒரு குட்டி ஷெட்யூலரை நடத்தியது. உறைக்கு வெளியே தெரிந்த காலி, உறைக்குள் போய்விட்டது. நிலையத்தின் வரைபடத்தில் பச்சை முழுசாக இருக்கும். காலி இலைகள் குழுவின் சொந்தக் கணக்கில். 1956இல் எந்திரத்திலிருந்து மனிதனுக்கு, 1961இல் மனிதனிலிருந்து எந்திரத்துக்கு, இப்போது நிலையத்திலிருந்து குழுவுக்கு. விரயம் குறைந்தது என்று யாராவது சொல்லும்போது, யாருடைய பேரேட்டில் என்று நான் கேட்பது இதனால்தான்.

என் விஷயம் எப்படி முடிந்ததென்றால், நிர்வாகி புரத ஆய்வாளருக்காக மூன்று நோடை ஒதுக்கினார். என் துண்டுகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடாது என்பதால் அதற்குள் எல்லாம் வடிந்துவிட்டது. சின்ன வேலைகளின் ஒரே புண்ணியம் அது. அந்த மூன்று மணி நேரத்தில் துறைத்தலைவர் திரையைப் பார்த்திருக்கிறார். "ஏன் இவ்வளவு சும்மா கெடக்கு? இத வச்சு அடுத்த வருஷம் எப்படி புது மெஷின் கேக்கிறது?" என்று சத்தம் போட்டாராம். முந்தின மூன்று நாள் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தபோது கோடு நூற்றுக்கு நூறு காட்டியது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

தோழன் இப்போது என் துண்டுகளைப் பதினாறு பதினாறாகக் கட்டி ஒரே வேலையாகப் போடச் சொல்லிவிட்டான். எண்ணிக்கை குறைந்து வரிசை பார்க்க அழகாக இருக்கிறதாம். ஆனால் இப்போது எனக்கும் ஒரு முழு நோடு வேண்டும். 1980களின் சில இதழ்கள் இன்னும் பாக்கி. நேற்று ராத்திரி கேட்டேன். வேதியியல் மாணவர்களின் ஒற்றை கோர் வேலைகள் உள்ளே ஓடுவதாகவும், என்னுடையதற்கு எதிரே 'காத்திருப்பு' என்று காட்டுவதாகவும் சொன்னான்.